நெற்றியில் வந்த அக்கியும் நான் குறைத்த ஒரு மதிப்பெண்ணும்

போன ஐப்பசியில், தீபாவளிக்கு நாலு நாள் முன்னால், நெற்றியின் இடது பக்கம் சுருக் சுருக்கென்று குத்த ஆரம்பித்தது. சீப்பு பட்டாலே எரிச்சல். தூக்கம் கெட்டதால் வந்த தலைவலி என்று நினைத்துத் தைலத்தைத் தடவிக்கொண்டு படுத்துவிட்டேன். மூன்றாம் நாள் காலையில் கண்ணாடியைப் பார்த்தால், இடது புருவத்திலிருந்து உச்சந்தலை வரைக்கும் சிவந்து தடித்திருக்கிறது. அதன் மேல் கடுகு கடுகாகக் கொப்புளங்கள்.

பால் வாங்கப் போன இடத்தில் பார்த்த பக்கத்து வீட்டம்மா, "சார், இது அக்கி. வேளார் தெருவுக்குப் போய் மூணு நாள் எழுதிட்டு வாங்க, இறங்கிடும்" என்றார். என் சின்ன வயதில் அம்மா என் தங்கையை அப்படித்தான் கூட்டிப் போனாள். செங்காவியைக் குழைத்து இறகால் தொட்டு வேளார் பாட்டா எழுதியது இன்னும் கண்ணில் நிற்கிறது. நானும் கொஞ்சம் ஊசலாடினேன். என் மனைவிதான், "கண்ணுக்கு இவ்வளவு பக்கத்துல இருக்கு, முதல்ல டாக்டர்கிட்ட நடங்க" என்று இழுத்துக்கொண்டு போனாள். அது எவ்வளவு சரியான காரியம் என்பதைப் பின்னால் சொல்கிறேன்.

டாக்டர் என்னைவிட நாற்பது வயது சின்னவர். பார்த்ததுமே கேட்டார்: "சின்ன வயசுல அம்மை போட்டிருந்ததா சார்?"

போட்டிருந்தது. 1959இல், எனக்கு ஒன்பது வயது. வாசலில் வேப்பிலை செருகி, என்னை வேப்பிலைப் படுக்கையில் போட்டு, மூன்று தண்ணீர் ஊற்றிய பிறகுதான் வெளியே விட்டார்கள். சின்னம்மை.

"அதே வைரஸ்தான். அறுபத்தஞ்சு வருஷமா உங்க தலைக்குள்ளயே சும்மா இருந்திருக்கு. இப்போ எழுந்து நரம்பு வழியா தோலுக்கு வந்திருக்கு" என்றார். எங்கே இருந்தது என்று கேட்டேன். "டிரைஜெமினல் கேங்கிலியன்" என்றார்.

முப்பத்திரண்டு வருஷம் விலங்கியல் நடத்தியவன் நான். அந்த நரம்பு முடிச்சைக் கரும்பலகையில் எத்தனை தடவை வரைந்திருப்பேன் என்று கணக்கில்லை. அதற்குள் ஒரு கிருமி என்னுடனே கல்லூரிக்கு வந்து, என்னுடனே பென்ஷன் வாங்கிக்கொண்டிருந்தது என்பது எனக்குத் தெரியாமல் போயிற்று.

வீட்டுக்கு வந்து கண்ணாடியில் மறுபடி பார்த்தேன். கொப்புளங்கள் நெற்றியின் நடுக்கோட்டில், ஸ்கேல் வைத்துக் கோடு போட்டதுபோல நின்றுவிட்டன. வலது பக்கம் ஒன்றுகூட இல்லை. கன்னத்திலும் இல்லை, தாடையிலும் இல்லை. மூன்று கிளையுள்ள நரம்பில் மேல்கிளையின் எல்லையை அந்த வைரஸ் என் முகத்திலேயே படம் போட்டுக் காட்டியிருந்தது. ஒன்றரை மாதம் வெளியே போக முடியாமல் வீட்டில் இருந்த காலத்தில், இந்த முடிச்சு எங்கிருந்து வந்தது, அதை யார் எப்படிக் கண்டுபிடித்தார்கள் என்று பழைய புத்தகங்களையும் புதியவற்றையும் தேடிப் படித்தேன். படிக்கப் படிக்க, 1986ஆம் வருஷத்து நடைமுறைத் தேர்வு ஒன்று என் மனதில் வந்து உட்கார்ந்துகொண்டது. அதற்கும் வருகிறேன்.

முதலில் விஷயத்தைச் சொல்லிவிடுகிறேன். நம்மைச் செயல்படுத்தும் நரம்பு செல்கள், அதாவது தசையை இழுக்கச் சொல்பவை, மூளைக்கும் தண்டுவடத்துக்கும் உள்ளேயே இருக்கின்றன. அங்கிருந்து நீளமான இழையை மட்டும் வெளியே அனுப்புகின்றன. உணர்ச்சியைக் கொண்டுவரும் செல்கள் அப்படியல்ல. அவை பெரும்பாலும் மூளைக்கு வெளியே கூட்டம் கூட்டமாக உட்கார்ந்திருக்கின்றன. ஒரு கையைத் தோலுக்கோ நாக்குக்கோ காதுக்கோ நீட்டி, இன்னொரு கையை மூளைக்கு நீட்டுகின்றன. அந்தக் கூட்டத்தைத்தான் நரம்பு முடிச்சு என்கிறோம். மூளை ஓர் இடத்தில் இருக்க, இவை மட்டும் வெளியே எப்படி வந்தன? இந்தக் கேள்விக்குப் பதில் கிடைக்க நூறு வருஷத்துக்கு மேல் ஆயிற்று.

முதல் பதிலைச் சொன்னவர் வில்ஹெல்ம் ஹிஸ். சுவிட்சர்லாந்தின் பாசல் நகரில் 1831இல் பிறந்தவர். கருவை மெல்லிய சீவல்களாகச் சீவ மைக்ரோடோம் என்னும் கருவியைத் தானே வடிவமைத்துக்கொண்டார். அதற்கு முன் சவரக்கத்தியால் கைப்பழக்கத்தில் சீவியவர்கள்தான் அதிகம். ஒரே கனத்தில், வரிசை தப்பாமல் சீவினால்தான் எந்தச் செல் எங்கிருந்து எங்கே போகிறது என்பதைத் தொடர்ந்து பார்க்க முடியும். 1868இல் கோழிக் கருவைப் பற்றி அவர் வெளியிட்ட நூலில், வருங்காலத் தோலுக்கும் வருங்கால மூளைக்கும் நடுவில் ஒரு பட்டை இருக்கிறது, அதிலிருந்துதான் உணர்வு முடிச்சுகள் வருகின்றன என்றார். இடையிழை என்ற பொருளில் அதற்குப் பெயரும் வைத்தார்.

இந்த ஹிஸ்ஸைப் பற்றி இன்னொரு செய்தி. இசைமேதை பாக்கின் கல்லறை எது என்று தெரியாமல் இருந்த லைப்சிக் நகரில், 1894இல் தோண்டி எடுத்த ஓர் எலும்புக்கூட்டை ஆராய்ந்து, இது பாக்கினுடையதுதான் என்று கருத்துச் சொன்னவரும் இவரே.

அந்தப் பட்டை எப்படி உருவாகிறது என்பதை நம் வீட்டுப் பாயை வைத்தே சொல்லலாம். கருவின் முதுகுப் பக்கத்தில் ஒரு பகுதி பாய்போல விரிந்து கிடக்கிறது. அதன் இரண்டு ஓரங்களும் எழும்பி, ஒன்றையொன்று நோக்கி வளைந்து, ஒட்டிக்கொண்டு குழாயாகின்றன. அந்தக் குழாய்தான் மூளையும் தண்டுவடமும். ஓரங்கள் சேரும் உச்சியில், கூரை முகடுபோல இருக்கும் இடத்துச் செல்கள் குழாயோடும் சேராமல், தோலோடும் சேராமல், இறங்கி உடம்பு முழுக்க நடந்து போகின்றன. அதற்கு முகடு என்ற பொருளில் ஆங்கிலப் பெயரை 1879இல் சூட்டியவர் மான்செஸ்டரில் பேராசிரியராக இருந்த மில்ன்ஸ் மார்ஷல். மலையேறுவதில் பிரியம் உள்ளவர். 1893ஆம் வருஷத்தின் கடைசி நாளன்று ஸ்காஃபெல் மலையில் விழுந்து இறந்துபோனார். நாமும் நரம்பு முகடு என்றே சொல்வோம்.

நான் படித்ததும், பிறகு நடத்தியதும் இதோடு முடிந்துவிட்டது. நரம்பு முகட்டிலிருந்து உணர்வு முடிச்சுகள் வருகின்றன, அவ்வளவுதான். முதுகுத்தண்டின் ஓரத்தில் இருக்கும் முடிச்சுகளுக்கு இது முழுக்கச் சரி. தலைக்கு இது பாதிதான் சரி.

மிச்சப் பாதியை முதலில் கவனித்தவர்கள் சுறாக் கருவைப் பார்த்தவர்கள். டச்சுக்காரரான வான் வைஹே 1882 வாக்கில், தலையில் உள்ள சில முடிச்சுகளுக்கு மேல்தோலிலிருந்தே செல்கள் போய்ச் சேர்வதுபோல இருக்கிறது என்று எழுதினார். 1885இல் ஜெர்மனியில் ஃப்ரோரிப் பாலூட்டிகளின் கருவில், செவுள் பிளவுகளுக்கு மேலே தோல் தடித்து நரம்பு முடிச்சோடு ஒட்டிக்கொண்டிருப்பதைக் கண்டார். நமக்குச் செவுள் இல்லை என்றாலும், கருவில் கழுத்துப் பக்கம் அந்த மடிப்புகள் ஒரு காலத்தில் இருந்து மறைகின்றன என்பது பலருக்கும் தெரிந்திருக்கும். அதே ஆண்டில் ஜான் பியர்ட் என்பவரும் மீன்களை வைத்து இதையே எழுதினார். இந்தத் தடிப்புகளுக்கு, தட்டு என்ற பொருள்தரும் கிரேக்கச் சொல்லிலிருந்து 'பிளாக்கோடு' என்று பெயர் வைத்தவர் மியூனிக்கில் இருந்த குப்ஃபர். கல்லீரலில் உள்ள குப்ஃபர் செல் இவர் பெயரில் இருப்பதுதான்.

பிளாக்கோடு என்பதைப் பெரிதாக நினைத்துக்கொள்ள வேண்டாம். தோசைக் கல்லில் மாவு ஓரிடத்தில் கொஞ்சம் கூடுதலாக விழுந்தால் அங்கே மட்டும் தடித்திருக்குமே, அப்படி. கருவின் தலைத்தோல் ஒரே அடுக்குச் செல்களால் ஆனது. சில குறிப்பிட்ட இடங்களில் மட்டும் அந்தச் செல்கள் தட்டையாக இல்லாமல் நெட்டையாகின்றன. பிறகு சில தடிப்புகள் குழிந்து உள்ளே போகின்றன. சிலவற்றிலிருந்து செல்கள் ஒவ்வொன்றாகக் கழன்று உள்ளே இறங்குகின்றன. மூக்குக்கு ஒன்று, கண்ணின் லென்ஸுக்கு ஒன்று, காதுக்கு ஒன்று, முகத்து முக்கிளை நரம்புக்கு இரண்டு, செவுள் மடிப்புகளுக்கு மேலே வரிசையாகச் சில. லென்ஸ் தடிப்பிலிருந்து மட்டும் நரம்பு செல் வருவதில்லை. பார்வை நரம்பு இந்தக் கணக்கிலேயே சேராது. விழித்திரை என்பது மூளையே வெளியே நீண்டு வந்த துண்டு.

இந்த வரலாற்றில் என் மனதைப் பிடித்துக்கொண்டவர் ஜூலியா பிளாட் என்னும் அம்மையார். 1857இல் சான்ஃபிரான்சிஸ்கோவில் பிறந்தவர். வெர்மான்ட்டில் படித்துவிட்டு ஹார்வர்டுக்கும், உட்ஸ் ஹோல் கடல் ஆய்வுக்கூடத்துக்கும் போனார். அந்த நாளில் அமெரிக்காவில் ஒரு பெண் விலங்கியலில் டாக்டர் பட்டம் வாங்குவது குதிரைக் கொம்பு. ஜெர்மனிக்குப் போய், 1898இல் ஃபிரைபுர்க் பல்கலைக்கழகத்தில் வாங்கினார்.

அவர் எடுத்துக்கொண்ட பிராணி நெக்டுரஸ் என்னும் நீர்வாழ் சலமாண்டர். அதன் கருவில் ஒரு வசதி உண்டு. புறப்படையிலிருந்து வரும் செல்களில் இருக்கும் மஞ்சள்கருத் துகள்கள் வேறு மாதிரி, உள் அடுக்குச் செல்களில் இருப்பவை வேறு மாதிரி. ஆகவே எது எங்கிருந்து வந்தது என்று அடையாளம் வைத்துத் தொடர முடிந்தது. 1893இல் அவர் எழுதிய சிறு கட்டுரை பெரிய கலகமாகிவிட்டது. தலையின் குருத்தெலும்புகளில் ஒரு பகுதி புறப்படையிலிருந்து வருகிறது என்றார். எலும்பும் குருத்தெலும்பும் இடைப்படையிலிருந்துதான் வரும் என்பது அந்தக் காலத்தில் வேதவாக்கு. மூன்று படைகள், ஒவ்வொன்றுக்கும் ஒரு வேலை, எல்லையைத் தாண்டக் கூடாது. தாண்டுகிறது என்று சொன்ன பெண்மணியைப் பெரியவர்கள் பலர் ஏற்கவில்லை. 1896இல் அதே பிராணியின் புற நரம்பு மண்டலத்தைப் பற்றியும் நீளமாக எழுதினார். தலை நரம்புகளின் முடிச்சுகளுக்குத் தோல் தடிப்புகள் எப்படிச் செல்களைக் கொடுக்கின்றன என்பது அதில் இருக்கிறது.

அவர் சொன்னது சரி என்பது சந்தேகமில்லாமல் நிறுவப்பட 1940கள் ஆயின. அதற்குள் அவர் இந்தத் துறையை விட்டே போய்விட்டிருந்தார். 1899இல் வேலை கேட்டு ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத் தலைவருக்குக் கடிதம் எழுதினார். அவருக்கு எங்கும் நிரந்தர வேலை கிடைக்கவில்லை. நாற்பத்திரண்டு வயதில் மைக்ரோஸ்கோப்பை மூடிவைத்துவிட்டு, கலிஃபோர்னியாவின் பசிஃபிக் குரோவ் என்னும் கடலோர ஊரில் போய்க் குடியேறினார்.

அங்கே போயும் சும்மா இருக்கவில்லை. பூங்காக்களில் செடி நட்டார், ஊராட்சிக் கூட்டங்களில் கேள்வி கேட்டார். கடற்கரைக்குப் போகும் பொதுவழியை ஒருவர் கதவு போட்டுப் பூட்டியபோது, பூட்டை அராவி அறுத்தார். மறுபடி மூடியபோது கோடாலியால் கதவையே உடைத்தார். 1931இல், எழுபதைத் தாண்டிய வயதில், அந்த ஊரின் மேயரானார். கடலோரத்தின் ஒரு பகுதியில் யாரும் கடலுயிர்களைப் பிடிக்கக் கூடாது என்று காப்பிடமாக்கினார். 1935இல் இறந்தபோது அவர் உடலைக் கடலில் அடக்கம் செய்தார்கள். இன்று அங்கே ஒரு கடல் காப்பகம் அவர் பெயரைத் தாங்கியிருக்கிறது. ஆனால் நான் படித்த பாடப்புத்தகங்கள் எதிலும் அவர் பெயர் இல்லை. என் வகுப்பில் ஒரு நாளும் நான் அதைச் சொன்னதில்லை.

பிளாட் விட்ட இடத்திலிருந்து மற்றவர்கள் தொடர்ந்தார்கள். அமெரிக்காவில் லேண்டேக்கர் 1910இல் கெளுத்தி வகை மீன் ஒன்றின் கருவை எடுத்துக்கொண்டார். கெளுத்திக்கு வாயில் மட்டுமல்ல, உடம்பெல்லாம் சுவை மொட்டுகள். ஆகவே சுவை நரம்பின் முடிச்சு அதற்கு மிகப் பெரியது. சுவையைக் கொண்டுபோகும் செல்கள் செவுளுக்கு மேலுள்ள தடிப்புகளிலிருந்து வருகின்றன என்று அவர் எடுத்துக் காட்டினார். நாம் காலையில் காப்பியில் சர்க்கரை கம்மி என்று சொல்வதற்குக் காரணமான செல்களும், ஒரு காலத்தில் நம் கழுத்தோரத் தோலில் இருந்தவைதான்.

ஆனால் சீவலைப் பார்த்துச் சொல்வது எல்லாம் ஊகம்தான் என்று எதிர்த்தரப்பு சொல்ல இடம் இருந்தது. செத்த செல்லின் படம் அது நடந்துபோன பாதையைச் சொல்லாது. ஆகவே வெட்டிப் பார்க்கும் காலம் வந்தது. யேல் பல்கலைக்கழகத்தின் ஸ்டோன் 1922இல், சலமாண்டர் கருவில் தடிப்பு வரும் இடத்துத் தோலை எடுத்துவிட்டு, எந்த முடிச்சு உருவாகாமல் போகிறது என்று பார்த்தார். 1961இல் விக்டர் ஹாம்பர்கர் கோழிக் கருவில் இதையே செய்தார். என் நெற்றிக்குச் சம்பந்தப்பட்ட அதே முக்கிளை முடிச்சில்தான். ஒரு சமயம் முகட்டை எடுத்தார், ஒரு சமயம் தடிப்பை எடுத்தார். மூளைக்குக் கிட்டே இருக்கும் பகுதி முகட்டிலிருந்தும், தூரத்தில் இருக்கும் பகுதி தோல் தடிப்பிலிருந்தும் வருகின்றன என்று தெரிந்தது. ஒரே முடிச்சு, இரண்டு பிறந்த வீடு.

இதிலும் ஒரு குறை உண்டு. ஒன்றை வெட்டி எடுத்தால் பக்கத்தில் இருப்பது அதன் இடத்தை நிரப்பப் பார்க்கும். எடுக்காமலேயே அடையாளம் வைக்க வழி இருந்தால் நல்லது. அந்த வழியைக் கொடுத்தவர் பிரான்சின் நிக்கோல் லெ துவாரன். 1930இல் பிறந்தவர். சில வருஷம் பள்ளிக்கூடத்தில் அறிவியல் ஆசிரியையாக இருந்துவிட்டு ஆராய்ச்சிக்கு வந்தவர் என்பதால் எனக்குக் கொஞ்சம் கூடுதல் பாசம். காடையின் செல்லை மைக்ரோஸ்கோப்பில் பார்த்தால், அதன் உட்கருவின் நடுவில் சாயம் ஏறிய ஒரு திரள் அடர்த்தியாகத் தெரியும். கோழியின் செல்லில் அப்படித் தெரியாது. 1969இல் இதைக் கவனித்த லெ துவாரன், காடைக் கருவிலிருந்து ஒரு துண்டை எடுத்து, அதே வயதுக் கோழிக் கருவில் அதே இடத்தில் வைத்தார். பிறகு அந்தச் செல்கள் எங்கே போனாலும், நெற்றியில் பொட்டு வைத்ததுபோல அடையாளம் தெரியும். நம் ஊரில் காடை என்றால் வறுவல்தான் ஞாபகம் வரும். அந்தப் பறவைதான் இந்த வழக்கைத் தீர்த்துவைத்தது.

இந்த முறையைப் பயன்படுத்தி 1980இல் சி.எச். நாராயணன், ஒய். நாராயணன் இருவரும் தொண்டைக்கும் வயிற்றுக்கும் போகும் நரம்புகளின் முடிச்சுகளை ஆராய்ந்தார்கள். 1983இல் டாமிகோ-மார்ட்டெல், ட்ரூ நோடன் இருவரும் தலை முடிச்சுகள் எல்லாவற்றையும் வரிசையாகப் பார்த்துப் பட்டியல் போட்டார்கள். முகம், தொண்டை, வயிறு ஆகியவற்றுக்குப் போகும் நரம்புகளில் தூரத்து முடிச்சுகளின் நரம்பு செல்கள் தோல் தடிப்பிலிருந்து வருபவை. கிட்டத்து முடிச்சுகள் முகட்டிலிருந்து வருபவை. முக்கிளை முடிச்சில் இரண்டும் சேர்ந்திருக்கும். கேட்பதற்கும் சமநிலைக்கும் உரிய முடிச்சின் செல்கள் காதுத் தடிப்பிலிருந்து கழன்று வருபவை. இந்தச் செல்களைப் பொத்திப் பாதுகாக்கும் உறைச் செல்கள் மட்டும் எங்கும் முகட்டிலிருந்தே வருகின்றன.

கடைசியாக ஒரு கேள்வி மிச்சம் இருந்தது. தோலில் இந்த இடம் மட்டும் ஏன் தடிக்கிறது? லண்டனில் பெக்பியும் கிரஹாமும் சகாக்களும் 1999இல் கோழிக் கருவில் பதிலைக் கண்டார்கள். செவுள் மடிப்புக்கு உட்புறம் இருக்கும் அகப்படை ஒரு புரதத்தைச் சுரந்து, மேலே இருக்கும் தோலிடம் நரம்பாகச் சொல்கிறது. 2001இல் இன்னொன்றும் சொன்னார்கள். தோலிலிருந்து இறங்கும் செல்கள் மூளையை நோக்கிப் போக, முகட்டுச் செல்கள் பாதை போட்டுக் கொடுக்கின்றன. முகட்டை எடுத்துவிட்டால் இவை வழி தெரியாமல் தோலுக்கு அடியிலேயே தங்கிவிடுகின்றன. யாருடைய பங்கு பெரிது என்று நூறு வருஷம் சண்டை போட்டார்கள். கடைசியில் பார்த்தால் ஒன்றில்லாமல் ஒன்று இல்லை.

இப்போது 1986க்கு வருகிறேன்.

நான் வேலை பார்த்த கல்லூரியில் பி.எஸ்ஸி. மாணவர்களுக்குக் கோழிக் கரு சிலைடுகள் உண்டு. 24 மணி, 33 மணி, 48 மணி, 72 மணி என்று வரிசையாக இருக்கும். அந்த வருஷம் இறுதியாண்டில் ஒரு பெண். அதிகம் பேசாதவள். கிராமத்திலிருந்து காலை ஆறு மணி பஸ்ஸில் வருவாள். மாதிரித் தேர்வுக்கு 72 மணிக் கருவின் குறுக்குவெட்டு சிலைடை வைத்திருந்தேன். தலைப் பகுதி, காதுப் பை தெளிவாகத் தெரியும் சீவல். படம் வரைந்து பாகங்களைக் குறிக்க வேண்டும்.

அவள் காதுப் பையின் முன்கீழ்ச் சுவரில் கொஞ்சம் புள்ளிகள் வைத்து, அவை சுவரிலிருந்து பிரிந்து பக்கத்து முடிச்சுக்குப் போவதுபோல வரைந்திருந்தாள். 'காதுப் பையிலிருந்து வரும் செல்கள்' என்று எழுதி ஒரு அம்புக்குறியும் போட்டிருந்தாள்.

"இது என்னம்மா?" என்று கேட்டேன்.

"சுவர் இந்த இடத்துல மட்டும் ஒழுங்கா இல்ல சார். செல்லெல்லாம் கழண்டு போற மாதிரி தெரியுது."

நானும் எட்டிப் பார்த்தேன். தெரிந்தது. "சீவும்போது கிழிஞ்சிருக்கும்மா. பழைய சிலைடு. புத்தகத்துல இருக்கிற மாதிரி போடு. முடிச்சு நரம்பு முகட்டிலேர்ந்து வருது" என்றேன்.

அவள் கொஞ்ச நேரம் நின்றாள். "அடுத்த சிலைடுலயும் அப்படியே இருக்கு சார்" என்றாள் மெதுவாக.

எனக்குப் பின்னால் இருபது பேர் வரிசையில் நின்றார்கள். "போய் உட்காரு" என்றேன். ஒரு மதிப்பெண் குறைத்தேன். சிவப்பு மையில் அந்தப் புள்ளிகள் மேல் ஒரு குறுக்குக்கோடும் போட்டேன்.

அந்தப் பெண் பார்த்தது கிழிசல் இல்லை. காதுத் தடிப்பு குழிந்து பையான பிறகு, அதன் முன்கீழ்ச் சுவரிலிருந்துதான் செல்கள் கழன்று போய்க் கேள்வி முடிச்சாகின்றன. 72 மணி நேரக் கருவில் அந்த வேலை மும்முரமாக நடந்துகொண்டிருக்கும். அதைத் தன் கண்ணால் பார்த்து, பார்த்ததைப் பார்த்தபடி வரைந்தாள். அடுத்த சீவலிலும் இருக்கிறதா என்று சரிபார்க்கவும் செய்தாள். ஹிஸ் மைக்ரோடோம் செய்ததே அதற்காகத்தானே? ஒரு சீவலை நம்பாதே, அடுத்ததையும் பார் என்பதுதானே இந்தத் துறையின் முதல் பாடம்? நான் இரண்டாவது சிலைடைப் பார்க்கவில்லை. இத்தனைக்கும் அந்தப் பட்டியல் 1983இலேயே அச்சாகிவிட்டது. எங்கள் நூலகத்துக்கு அந்த இதழ் வராது என்பது உண்மை. ஆனால் மைக்ரோஸ்கோப் எங்களிடம் இருந்தது. எட்டிப் பார்க்கும்போது எனக்கே தெரிந்தது. புத்தகத்தில் இல்லாததால் கண்ணை நம்பவில்லை.

பிளாட் அம்மையார் கதையைப் படித்தபோது, அவரை ஒதுக்கிய ஜெர்மன் பேராசிரியர்கள் மேல் முதலில் கோபம் வந்தது. பிறகு அந்தக் கோபம் என் பக்கம் திரும்பிவிட்டது. அவர்களுக்கு மூன்று படைகள் கோட்பாடு. எனக்குப் பாடப்புத்தகம். கெட்ட எண்ணம் யாருக்கும் இல்லை. பின்னால் வரிசை நிற்கிறது, மணி அடிக்கப் போகிறது, அவ்வளவுதான்.

அது மாதிரித் தேர்வுதான், அந்த ஒரு மதிப்பெண்ணால் அவளுக்கு எதுவும் போயிருக்காது என்று என் மனைவி சமாதானம் சொன்னாள். மதிப்பெண் போயிருக்காது என்பது சரி. அடுத்த முறை மைக்ரோஸ்கோப்பில் வித்தியாசமாக ஒன்றைப் பார்த்தபோது அவள் அதை வரைந்திருப்பாளா என்பதுதான் எனக்கு உறுத்துகிறது. அவள் மேற்கொண்டு படித்தாளா, எங்கே இருக்கிறாள் என்று தெரியாது. இப்போது அறுபதை நெருங்கியிருப்பாள். அந்த வருஷத்து மாணவர்கள் யாராவது இதைப் படித்தால், ஆறு மணி பஸ்ஸில் வரும் பெண் என்றால் உங்களுக்குத் தெரியும். அவள் வரைந்ததுதான் சரி என்று சார் சொன்னதாகச் சொல்லுங்கள்.

என் வயதுக்காரர்களுக்கு ஒன்று சொல்லி முடிக்கிறேன். அக்கி முகத்தில் வந்தால், அதிலும் நெற்றியில் வந்தால், நாளைக் கடத்தாதீர்கள். மூக்கு நுனியில் ஒரு கொப்புளம் வந்தாலும் கண்ணுக்கு ஆபத்து என்று அர்த்தம். மூக்கு நுனிக்கும் கண்ணுக்கும் ஒரே சிறு கிளைதான் போகிறது. கொப்புளம் கிளம்பிய மூன்று நாளுக்குள் மாத்திரையைத் தொடங்கினால் பலன் அதிகம். தடுப்பூசியும் இப்போது கிடைக்கிறது, உங்கள் டாக்டரைக் கேளுங்கள். என் கண் தப்பியது என் மனைவியால்தான்.

கொப்புளங்கள் ஆறிவிட்டன. தழும்பும் மங்கிவிட்டது. இடது நெற்றியில் மட்டும் இன்னும் சில இரவுகளில் எறும்பு ஊர்வதுபோல இருக்கிறது. கையை வைத்தால் ஒன்றும் இருக்காது. அந்த நேரத்தில் சிவப்பு மைக் குறுக்குக்கோடு ஞாபகம் வந்துவிடுகிறது. எழுந்து ஒரு டம்ளர் தண்ணீர் குடித்துவிட்டுப் படுக்கிறேன்.